அளவு சரி, சீல் தவறு: பகிர்ந்துகொண்ட உதிரிபாக அட்டவணை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் வண்டி 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த ஜப்பானிய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. தயாரித்த நிறுவனம் சில பாகங்களை இன்னும் தருகிறது; பலவற்றைக் கைவிட்டுவிட்டது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று விசாரிக்கக்கூடப் பாக எண் வேண்டும். எண் இல்லாமல் "இடது பக்க எண்ணெய்த் தடுப்பு ரப்பர்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது.

அந்தக் காலத்தில் பாக எண்கள் விற்பனையாளரிடம் அச்சுப் புத்தகமாகவோ மைக்ரோஃபிஷாகவோ இருந்தன. அஞ்சலட்டை அளவு பிலிம் தாளில் பக்கங்களைச் சுருக்கிப் பதித்திருப்பார்கள். உருப்பெருக்கும் திரையில் வைத்துப் படிக்க வேண்டும். அந்தப் பக்கங்களில் இருந்த பாகப் படங்கள் இன்று கணினியிலும் கைபேசியிலும் வந்துவிட்டன. நூலில் கோத்த மணிகளை இடைவெளி விட்டு இழுத்து வைத்தது போல, ஓர் அச்சுக்கோட்டில் போல்ட், வாஷர், பேரிங், சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வரிசை எண்; கீழே அந்த எண்ணுக்கான பாக எண், பெயர், எத்தனை தேவை என்ற விவரம், கடைசியில் ஒரு குறிப்பு. அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் பெரும்பாலானோர் படிப்பதில்லை.

இந்த மாடலை வைத்திருக்கும் உரிமையாளர்கள் சிலர், வெவ்வேறு இடங்களில் இருப்பவர்கள், ஒரு பொதுக் கோப்புறை வைத்திருந்தார்கள். பாகப் படங்கள், ஒரு பெரிய அட்டவணை, பழுதுபார்ப்புக் கையேட்டின் ஸ்கேன் பிரதி ஆகியவை அதில் இருந்தன. அட்டவணையை ஒருவர் தொகுத்தார். அவரை இங்கே தொகுப்பாளர் என்கிறேன். மாலை நேரங்களில், கூலி எதுவும் வாங்காமல், பொறுமையாகச் செய்த வேலை அது. பின்வருவதைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அந்தக் குழுவில் இல்லை. நிகழ்வுக்குப் பிறகு ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும்படி அழைக்கப்பட்டேன்.

அட்டவணை உருவான விதம்

மூலப் பட்டியலில், அதாவது நிறுவனத்தின் பாகப் பட்டியலில், குறிப்புப் பத்தி இரண்டு வகையான எண்களைச் சொல்கிறது. வண்டியின் உடல் சார்ந்த பாகங்களுக்கு "இந்த சேசிஸ் எண் வரை", "இந்த சேசிஸ் எண்ணிலிருந்து" என்று இருக்கும். என்ஜின் உள்பாகங்களுக்கு அதே இடத்தில் என்ஜின் எண் வரும். உற்பத்தியின் நடுவில் ஒரு பாகத்தை மாற்றினால், பழையதும் புதியதும் படத்தில் ஒரே வரிசை எண்ணில்தான் நிற்கும். பிரித்துக் காட்டுவது அந்தக் குறிப்பு மட்டுமே.

தொகுப்பாளர் இந்த எண் வரம்புகளை ஆண்டுகளாக மாற்றினார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. தங்கள் என்ஜின் எண் என்னவென்று உறுப்பினர்களில் பலருக்குத் தெரியாது. வண்டி எந்த ஆண்டு என்று கேட்டால் உடனே சொல்வார்கள். மேலும் இரண்டு எண் பத்திகளைச் சேர்த்தால் அட்டவணை கைபேசித் திரையில் அடங்கவில்லை. ஆகவே எண் பத்திகள் போயின. "ஆண்டு" என்ற ஒற்றைப் பத்தி வந்தது.

இந்த வண்டிகளில் ஆண்டு என்பது உறுதியான தகவல் அல்ல. அமெரிக்காவில் 17 இடங்கள் கொண்ட வாகன அடையாள எண் 1981 மாடல் ஆண்டிலிருந்து கட்டாயமானது. அதில் 10ஆவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும். அதற்கு முந்தைய சேசிஸ் எண்கள் குட்டையானவை. இந்த மாடலின் எண்ணில் ஆண்டு எங்கும் இல்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டு வண்டி பதிவான ஆண்டு. விற்காமல் கிடங்கில் கிடந்து அடுத்த ஆண்டு பதிவான வண்டிகள் எல்லாக் காலத்திலும் உண்டு.

அட்டவணையில் இன்னொரு பத்தியும் இருந்தது: "மாற்று". நிறுவனத்தின் பாகம் கிடைக்காதபோது அதே அளவில் வெளியில் கிடைப்பதை அங்கே குறித்தார்கள். பேரிங்குகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. 6204 என்றால் எந்தத் தயாரிப்பாளரிடம் வாங்கினாலும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர்தான். அந்த வெற்றியைப் பார்த்து, ஆயில் சீல்களையும் அதே முறையில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்களாக எழுதத் தொடங்கினார்கள். சிக்கல் இங்கேதான் விதைக்கப்பட்டது என்பது என் கணிப்பு. பேரிங்கின் எண் உலகத் தரம். சீலின் மூன்று அளவுகள் அதன் உருவத்தில் பாதியைத்தான் சொல்கின்றன.

நிகழ்ந்தது

ஓர் உரிமையாளர் தன் வண்டியின் முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) பின்னால் எண்ணெய் கசிவதைக் கண்டார். கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டு கிராங்க்கேஸை (என்ஜினின் வெளிக்கூடு) விட்டு வெளியே வரும் இடம் அது. படத்தைத் திறந்தார். சீல் 14ஆம் எண். அதை அழுத்திப் பிடிக்கும் சிறு தகடு 15, தகட்டின் இரண்டு போல்ட்டுகள் 16. அட்டவணையில் அவருடைய வண்டியின் ஆண்டுக்கு நேராக ஒரு பாக எண் இருந்தது, அது நிறுத்தப்பட்டுவிட்டது. பக்கத்தில் மாற்று: 30×52×8. அந்த அளவில் ஒரு சீல் வாங்கினார்.

பழைய சீலைக் கழற்றுவது எளிதாக இல்லை. திருகாணியை அதில் ஏற்றி, குறடால் பிடித்து இழுத்தபோது கிழிந்துகொண்டு வந்தது. உள்ளே பார்த்தால் சுற்றுச்சுவரில் ஒரு பள்ளம். அதில் கறுப்பு நூல் போல ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய கேஸ்கட் பசை என்று நினைத்து அதைச் சுரண்டி எடுத்தார். படத்தில் இருந்த தகடும் போல்ட்டுகளும் வண்டியில் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் துளையிடப்படாத இரண்டு வட்ட மேடுகள் மட்டும் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் தகட்டைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு செய்தார். புதிய சீலின் வெளிவட்டத்தில் சிறிது எண்ணெய் தடவித் தட்டிப் பொருத்தினார். சீராக, விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது. கசிவும் நின்றது. அட்டவணையில் அந்த வரிக்கு எதிரே "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு குறி போட்டார்.

அந்தக் குறியை நம்பி வேறு சிலரும் அதே அளவு சீலை வாங்கி வைத்தார்கள்.

சில வாரங்கள் கழித்து, நீண்ட பயணம் ஒன்றில், ஒரு வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. வேகம் குறைவு என்பதால் சமாளித்து ஓரமாக நிறுத்தினார். செயினும் பின்டயரின் இடப்பக்கமும் எண்ணெயில் நனைந்திருந்தன. ஸ்ப்ராக்கெட் மூடியைத் திறந்தபோது சீல் தன் இடத்திலிருந்து வெளியேறி, தண்டைச் சுற்றி ஸ்ப்ராக்கெட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. எண்ணெய் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. உடனே நிறுத்தியதால் என்ஜின் தப்பியது. அவருக்கும் காயம் இல்லை.

ஆராய்ந்தபோது கண்டவை

வண்டி ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனது. அவர் வெளியேறிய சீலைக் கையில் எடுத்து, விரலால் வெளிவட்டத்தை ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு, "இதில் விளிம்பு எங்கே தம்பி?" என்று கேட்டாராம். விசாரணையில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

இந்த என்ஜினில் இரண்டு வகை அமைப்பு உண்டு. முதல் தயாரிப்புகளில் சீலின் வெளிவட்டம் வழுவழுப்பானது; அதை வெளியிலிருந்து தகடு பிடித்துக்கொள்ளும். பிற்காலத் தயாரிப்புகளில் தகட்டை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் சீலின் வெளிவட்டத்தில் ரப்பர் விளிம்பு ஒன்று சுற்றி ஓடும். மேலும் கீழுமாகப் பிரியும் கிராங்க்கேஸ் பாதிகளை மூடும்போது அந்த விளிம்பு பள்ளத்தில் சிறைப்படும். இரண்டு சீல்களுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் எல்லாம் ஒன்றே. உரிமையாளர் பசை என்று சுரண்டி எடுத்தது கிழிந்த பழைய விளிம்பு. தகடும் இல்லாமல் விளிம்பும் இல்லாமல், எண்ணெய் தடவிய வழுவழுப்பான சீலை வெறும் இறுக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கிராங்க்கேஸின் உள்ளழுத்தத்தில் அது மெல்ல மெல்ல நகர்ந்து வெளியே வந்துவிட்டது.

குழுவில் உடனே கோபம் தொகுப்பாளர் மேல் திரும்பியது. எண் வரம்புப் பத்தியை நீக்கியதால்தான் இது நடந்தது என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூலப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தபோது கதை அவ்வளவு நேராக இல்லை. உரிமையாளரின் சேசிஸ் எண் முதல் தயாரிப்பு வரம்புக்குள் இருந்தது. ஆண்டும் அதற்கு ஒத்துப்போனது. சேசிஸ் எண்ணை மட்டும் வைத்துத் தேடியிருந்தால், எவ்வளவு கவனமாகத் தேடினாலும் அதே வழுவழுப்பான சீல்தான் கிடைத்திருக்கும். கிராங்க்கேஸில் பொறித்திருந்த என்ஜின் எண்ணைத் துடைத்துப் படித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது: அது பிற்காலத் தயாரிப்பு. முன்பு எப்போதோ யாரோ வேறு வண்டியின் என்ஜினை இதில் ஏற்றியிருக்கிறார்கள். இத்தனை வயதான வண்டிகளில் இது அரிய காரியம் அல்ல.

மூலப் பட்டியல் இந்தச் சீலுக்கு என்ஜின் எண்ணைத்தான் வரம்பாகத் தந்திருந்தது. சரியான கேள்வி அங்கே இருந்தது. ஆண்டாக மாற்றியபோது கேள்வியே மாறிவிட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது, இது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதலில் கசிந்தது சீல்தானா என்பதே சந்தேகம். இந்தச் சீலின் உதடு, அதாவது அதன் உள்வட்ட ஓரம், தண்டின் மேல் நேரடியாக உரசுவதில்லை. தண்டில் மாட்டிய காலர் (குழாய் போன்ற உறை) ஒன்றின் மேல் உரசுகிறது. காலருக்கும் தண்டுக்கும் இடையே ஓர் ஓ-ரிங் (மெல்லிய ரப்பர் வளையம்) இருக்கிறது. அது காய்ந்து இறுகினால் எண்ணெய் காலருக்கு உள்வழியாகவே வந்து, சீல் கசிவது போலத் தோற்றம் தரும். அந்த ஓ-ரிங் கிராங்க்கேஸ் படத்தில் இல்லை. கியர்பாக்ஸ் படத்தில் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. கிராங்க்கேஸ் படத்தில் அந்த இடத்தில் தண்டும் காலரும் விட்டுவிட்டு வரைந்த கோடுகளாக மட்டும் தெரிகின்றன. "இது வேறு பக்கத்தைச் சேர்ந்தது" என்பதற்கான அடையாளம் அது. ஒரே பக்கத்தைத் திறந்து, ஒரே எண்ணைப் பார்த்து மூடுபவருக்கு ஓ-ரிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. என்ஜினைப் பிரித்தபோது அது பிளாஸ்டிக் வளையம் போல் விறைத்திருந்தது.

படம் எதையெல்லாம் சொல்லாது என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். உதிரிபாகப் படம் பாகத்தை வாங்குவதற்காக வரையப்பட்டது. எந்த இறுக்கத்தில் போல்ட்டை முறுக்குவது, சீலின் சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும், கேஸைப் பிரிக்காமல் இதை மாற்றவே முடியாது என்பவையெல்லாம் பழுதுபார்ப்புக் கையேட்டின் வேலை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எழுந்தது, அட்டவணையை உடனே எடுத்துவிட வேண்டுமா என்ற கேள்வி. தொகுப்பாளர் அதைத்தான் விரும்பினார், மனம் நொந்திருந்தார். மெக்கானிக் மறுத்தார். அட்டவணை ஏற்கெனவே பலருடைய கைபேசிகளில் பிரதியாக இருக்கிறது. பொது இடத்திலிருந்து எடுத்துவிட்டால் தவறான பிரதிகள் மட்டுமே மிஞ்சும், திருத்தத்தைத் தேடி வருபவருக்குத் திருத்தம் இருக்காது என்றார். அந்த வாதம் ஏற்கப்பட்டது. அட்டவணை இருந்த இடத்திலேயே இருந்தது. சிக்கலான வரி சிவப்பாக்கப்பட்டது, கோப்பின் பெயரிலேயே தேதி சேர்ந்தது, முதல் தாளில் திருத்தங்களின் பட்டியல் வந்தது. சீல் வாங்கி வைத்தவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி போனது. இந்த நிகழ்வில் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான் என்பேன்.

அடுத்து, ஆண்டுப் பத்தி நீக்கப்பட்டது. சேசிஸ் எண், என்ஜின் எண் என்று இரண்டு பத்திகள், மூலப் பட்டியலில் உள்ளபடியே, எந்த மாற்றமும் இல்லாமல் திரும்ப வந்தன. கைபேசியில் படிக்க முடியவில்லை என்ற புகாரும் கூடவே வந்தது. அதற்கு ஒரு சமரசம் கண்டார்கள்: வரம்பு உள்ள வரிகளில் மட்டும் பாக எண்ணின் முன் ஒரு உடுக்குறி (*), அதைப் பார்த்தால் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்காமல் எதையும் வாங்கக் கூடாது.

மூன்றாவது முடிவுதான் அதிக விவாதத்துக்கு உள்ளானது. "சரிபார்க்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லை நீக்கிவிட்டு, எப்படித் தெரியும் என்று எழுத ஒரு பத்தி வைத்தார்கள். பட்டியலில் படித்தது, கையில் வைத்து அளந்தது, பொருத்தி ஓட்டியது என்று மூன்று வகை. பொருத்தி ஓட்டியது என்றால் எவ்வளவு தூரம் ஓடியது, எந்த என்ஜின் எண் என்பதும் வேண்டும். கசிவு நின்றதும் போடும் குறிக்கும் ஒரு பருவம் ஓட்டிய பிறகு போடும் குறிக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சீல் எல்லோருக்கும் காட்டியிருந்தது. மூலம் தெரியாத பழைய வரிகளில் இந்தப் பத்தியை ஊகித்து நிரப்பக் கூடாது, வெறுமையாக விட வேண்டும் என்பதில் மெக்கானிக் பிடிவாதமாக இருந்தார்.

மாற்றுப் பாகங்களுக்கான விதிகளும் இறுகின. சீலுக்கு மூன்று அளவுகளோடு வெளிவட்டத்தின் உருவம், உதடுகளின் எண்ணிக்கை, ரப்பரின் வகை ஆகியவை வேண்டும். பழையதையும் புதியதையும் வெர்னியர் அளவியோடு சேர்த்து எடுத்த புகைப்படமும் வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், சக்கர அச்சு ஆகியவற்றுக்கு மாற்று எதையும் குறிப்பதில்லை என்று முடிவானது. இதில் சிலருக்கு உடன்பாடில்லை. பிரேக் பாகங்கள்தான் கிடைக்காமல் தவிக்கிறோம் என்றார்கள். தவிப்பு உண்மைதான். ஆனால் அதற்கான பொறுப்பை ஓர் அட்டவணையின் வரி ஏற்க முடியாது.

ஸ்கேன் செய்த கையேடு பொதுக் கோப்புறையிலிருந்து எடுக்கப்பட்டது. அச்சில் இல்லாத புத்தகம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டவர்கள் உண்டு. அச்சில் இல்லை என்பதால் பதிப்புரிமை முடிந்துவிடுவதில்லை. நிறுவனம் ஆட்சேபித்தால் முழுக் கோப்புறையும் போகும் என்ற அச்சமே இங்கே வென்றது. அதற்குப் பதிலாக, எந்த வேலைக்குக் கையேட்டின் எந்தப் பக்கம் என்ற குறிப்புகளும், உறுப்பினர்கள் தாங்களே அளந்த அளவுகளும் வைக்கப்பட்டன. ஓய்வுபெற்ற இயந்திர வரைவாளர் ஒருவர் குழுவில் இருந்தார். அவர் தண்டு, காலர், ஓ-ரிங், இரண்டு வகை சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் தன் கையால் வரைந்து தந்தார். நிறுவனத்தின் படத்தில் இரண்டு பக்கங்களில் சிதறிக் கிடந்தவை அதில் ஒன்றாக நின்றன.

பின்னர் நடந்தது

சரியான சீலைக் கண்டுபிடித்த விதம் தனியாகச் சொல்லத் தக்கது. பிற்கால என்ஜினுக்கான பாக எண்ணும் இந்த மாடலின் பெயரில் நிறுத்தப்பட்டதாகவே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். மெக்கானிக் எண்ணைக் கூறு கூறாகப் படித்தார். பாக எண்களுக்கு உள்ளமைப்பு உண்டு. ஹோண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று என்று பிரியும். முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் வேலையையும் நடு மூன்று அது முதலில் எந்த மாடலுக்காக உருவானது என்பதையும் காட்டும். யமஹாவில் மாடல் குறி முதலில் வரும். அதன் பின் பாகத்தின் வேலையைக் காட்டும் எண்ணும், அதற்கடுத்து திருத்தத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் வரும். நம் வண்டியின் நிறுவனத்திலும் இத்தகைய ஒழுங்கு இருந்தது. சீலின் எண்ணில் இருந்த மாடல் குறி இந்த வண்டியுடையது அல்ல. அதே நிறுவனத்தின் வேறொரு வண்டிக்காக உருவான சீலை இதிலும் போட்டிருக்கிறார்கள். அந்த மாடலின் பெயரில் தேடியபோது, எண் மாறி, புதிய எண்ணில் இன்னும் கிடைத்தது. பழைய எண்ணுக்குப் பதில் எந்தப் புதிய எண் வந்தது என்ற சங்கிலியையும் அட்டவணையில் எழுத வேண்டும் என்ற பழக்கம் அதன் பிறகு வந்தது. அதுவரை கடைசி எண்ணை மட்டும் வைத்துவிட்டு முந்தையதை அழித்துவந்தார்கள்.

என்ஜின் பிரிக்கப்பட்டது. விளிம்புள்ள சீல், புதிய ஓ-ரிங், சீலின் உதடு உரசி வரி விழுந்திருந்த காலருக்குப் பதில் வேறு காலர் ஆகியவை போடப்பட்டன. கசிவு இல்லை.

அட்டவணையைத் திரும்பச் சரிபார்த்தபோது, ஆண்டு என்று எழுதியிருந்த வேறு சில வரிகளிலும் மூலத்தில் என்ஜின் எண் இருந்தது தெரிந்தது. கிளட்ச் தகடுகளின் எண்ணிக்கை அவற்றில் ஒன்று. அதனால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. பொருந்தாத தகடுகளை வாங்கிவிட்டு, தன் கணக்கில்தான் பிழை என்று எண்ணிச் சும்மா இருந்தவர் ஒருவர் மட்டும் முன்வந்து சொன்னார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. எப்படித் தெரியும் என்ற சான்றுப் பத்தி வெறுமையாக நின்ற வரிகள் ஏராளம்; அட்டவணை முன்பைவிட ஏழ்மையாகத் தோன்றியது. இத்தனை விவரம் கேட்டால் யார் எழுதுவார்கள் என்று சிலர் விலகினார்கள். புதிய பதிவுகள் குறைந்தன. தொகுப்பாளர் சில காலம் ஒதுங்கியிருந்து, பிறகு திரும்பி வந்தார். அவர் மேல் விழுந்த பழிச்சொற்களை யாரும் வெளிப்படையாகத் திரும்பப் பெறவில்லை. அது குழுவுக்கு அழகல்ல.

மாற்ற வேண்டியவை

குழுவில் சேரும்போதே ஒவ்வொருவரும் தம் வண்டியின் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் நேரில் படித்து எழுதி வைத்திருந்தால், என்ஜின் மாறிய வண்டிகள் முதல் நாளே தெரிந்திருக்கும். பதிவுச் சான்றிதழைப் பார்த்து எழுதுவது இதற்கு உதவாது. உலோகத்தில் பொறித்ததைப் படிக்க வேண்டும். இந்த எண்கள் திருட்டு வண்டிக் கும்பல்களுக்குப் பயன்படக்கூடியவை என்பதால் கடைசி இலக்கங்களை மறைத்து, வரம்பு தெரியும் அளவுக்கு மட்டும் பகிர்வது நல்லது. குழு இதை இப்போது பின்பற்றுகிறது.

"பொருந்தாதவை" என்று ஒரு தாள் தொடக்கத்திலிருந்தே வேண்டும். பொருந்தியதைச் சொல்ல ஆட்கள் உண்டு. பொருந்தாததை வாங்கியவர் வெட்கப்பட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார். இந்தத் தாள் மிகத் தாமதமாக வந்தது. வந்த பிறகு அதுதான் அதிகம் திறக்கப்படுகிறது என்கிறார் தொகுப்பாளர்.

வண்டியில் இருப்பதும் படத்தில் இருப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை எழுத்தில் வைக்கலாம். துளையிடப்படாத அந்த இரண்டு மேடுகள் தொலைந்த தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தகடே இல்லாத வேறொரு என்ஜினைப் பற்றிச் சொல்லின. படத்தை நம்புவதா கண்ணை நம்புவதா என்ற நிலை வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு எண்ணைப் படிக்கலாம்.

தீராத ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. கோப்புறை இன்னும் தொகுப்பாளரின் தனிக் கணக்கில்தான் இருக்கிறது. வரைவாளரையும் மெக்கானிக்கையும் திருத்தும் உரிமையுள்ளவர்களாகச் சேர்த்திருக்கிறார்கள். மெக்கானிக் கணினியைத் தொடுவதில்லை என்பதால், அவர் தொலைபேசியில் சொல்வதை வரைவாளர் எழுதுகிறார். கணக்கையே பொதுவான ஒன்றுக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு நடக்கிறது.